கொரியாவில் எந்தப் பேப்பர் வாங்குவது?

தம்பி, மதியச் சாப்பாட்டில் நடந்ததைப் படித்தேன். கொரிய மொழி பழக 'தோங்ஆ இல்போ' நாளிதழுக்குச் சந்தா கட்டப் போவதாகச் சொன்னீர்களாம். எதிரில் இருந்த மூத்த சக ஊழியர் சாப்பிடும் குச்சியைக் கீழே வைத்துவிட்டு, அப்புறம் பேசவே இல்லையாம். "நான் என்ன தப்பாகச் சொன்னேன், எந்தப் பேப்பர்தான் வாங்குவது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பேப்பர் மேல் கொரியர்களுக்குப் பெருமையும் உண்டு, ஆறாத கோபமும் உண்டு. நான் இங்கே வந்து பதினாறு வருடமாகிறது. இரண்டையும் சேர்த்துப் புரிந்துகொள்ள எனக்குப் பாதி வருடங்கள் போயின.

பெருமை எங்கிருந்து வந்தது என்று முதலில் சொல்கிறேன். 1919 மார்ச்சில், ஜப்பானின் பிடியில் இருந்த கொரியா முழுக்க விடுதலைக் கிளர்ச்சி வெடித்தது. அதற்குப் பிறகுதான் ஜப்பானிய ஆட்சி கொரிய மொழி நாளிதழ்களுக்கு அனுமதி கொடுத்தது. 1920 மார்ச்சில் 'சோசன் இல்போ', ஏப்ரல் 1இல் கிம் சங்-சு தொடங்கிய தோங்ஆ. 1936இல் பெர்லின் ஒலிம்பிக் மாரத்தானில் சோன் கீ-சொங் தங்கம் வென்றார். கொரியர்தான், ஆனால் ஜப்பானுக்காக ஓட வேண்டிய நிலை. மார்பில் ஜப்பானியக் கொடி. ஆகஸ்ட் 25ஆம் தேதி தோங்ஆவில் வந்த படத்தில் அந்தக் கொடி இல்லை. அழித்துவிட்டிருந்தார்கள். நிருபர்கள் கைதானார்கள், பேப்பர் ஒன்பது மாதம் முடக்கப்பட்டது. வேறொரு பத்திரிகை அதற்குச் சில நாள் முன்பே அதே காரியத்தைச் செய்தது. அது மூடியது மூடியதுதான். தோங்ஆவையும் 1940இல் ஜப்பானியர்கள் ஒரேயடியாக மூடினார்கள். விடுதலைக்குப் பிறகு 1945 டிசம்பரில்தான் மறுபடி வந்தது.

நீங்கள் இந்தியா என்றதும் சில பெரியவர்கள் "தாகூர்!" என்பார்கள், கவனித்துப் பாருங்கள். 1929இல் கொரியாவைக் கிழக்கின் விளக்கு என்று சொல்லி அவர் எழுதிய சில வரிகள் வந்ததும் இதே தோங்ஆவில்தான்.

இனி கோபத்துக்கு வருகிறேன். உங்கள் சக ஊழியர் குச்சியைக் கீழே வைத்த காரணம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

1970களில் தென்கொரியாவில் சர்வாதிகாரி பார்க் சுங்-ஹீயின் ஆட்சி. உளவுத் துறை ஆட்கள் பத்திரிகை அலுவலகத்துக்குள்ளேயே வந்து உட்கார்ந்து, எது வரலாம் எது வரக்கூடாது என்று சொல்வார்கள். 1974 அக்டோபர் 24ஆம் தேதி தோங்ஆ நிருபர்கள் கூடி, இனி அவர்களை உள்ளே விடமாட்டோம், நடந்ததை எழுதுவோம் என்று அறிவித்தார்கள். டிசம்பரில் விளம்பரம் கொடுத்த கம்பெனிகள் ஒவ்வொன்றாகப் பின்வாங்கின. உளவுத் துறையின் மிரட்டல்தான் காரணம் என்று 2008இல் அரசின் உண்மை ஆணையமே சொன்னது. பேப்பர் என்ன செய்தது தெரியுமா? விளம்பர இடத்தை வெள்ளையாகவே விட்டு அச்சடித்தது.

அந்த வெற்றிடத்தை மக்கள் வாங்கினார்கள். தனி ஆட்கள், மாணவர்கள், வேலைக்குப் போகும் பெண்கள் என்று கையில் இருந்த காசைக் கொடுத்துச் சின்னச் சின்னக் கட்டங்களாக ஆதரவு வரிகள் போட்டார்கள். என் பழைய வீட்டு மாடியில் குடியிருந்த பாட்டி ஒரு முறை அரிசி டப்பா வைக்கும் அலமாரியிலிருந்து ஒரு துண்டை எடுத்துக் காட்டினார். தீப்பெட்டி அளவுகூட இருக்காது. மடிப்பில் கிழிந்து, ஒட்டுத்தாள் போட்டு மஞ்சளாகியிருந்தது. தையல் வேலை பார்த்த நாலு பெண்கள் சேர்ந்து போட்டதாம். பெயர் போடப் பயம். "நாங்கள் படித்துக்கொண்டிருக்கிறோம்" என்று மட்டும் எழுதியிருந்தார்கள். அதை விரலால் தொட விடாமல், தன் உள்ளங்கையில் வைத்தே எனக்குக் காட்டினார்.

அப்படித் தாங்கிய பேப்பர் 1975 மார்ச்சில் என்ன செய்தது என்பதுதான் வலி. நிர்வாகம் தன் நிருபர்கள், தன் வானொலியின் ஒலிபரப்பாளர்கள் என்று நூற்றுக்கும் மேற்பட்டவர்களை வெளியே தள்ளியது. ஆசிரியர் குழுத் தலைவர் சொங் கொன்-ஹோ தாமாகவே விலகினார். காசு கொடுத்தவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்! என்னாலும் அதை மன்னிக்க முடியவில்லை.

வேலை போனவர்களில் பலர் பின்னால் சேர்ந்து, பொதுமக்களிடமே பங்குப் பணம் திரட்டி 1988 மே 15இல் 'ஹான்கியோரே' நாளிதழைத் தொடங்கினார்கள். முதல் தலைவர் அதே சொங் கொன்-ஹோதான். மற்ற பேப்பர்கள் சீன எழுத்து கலந்து மேலிருந்து கீழாக அச்சிட்ட காலத்தில், இது முதல் நாளிலிருந்தே முழுக்கக் கொரிய எழுத்தான ஹங்குல், இடமிருந்து வலம். இன்று தோங்ஆ, சோசன், ஜுங்ஆங் மூன்றையும் வலதுசாரிப் பக்கம் வைத்து, பெயர்களின் முதல் அசைகளைச் சேர்த்து 'ஜோ-ஜுங்-தோங்' என்று ஒரே மூச்சில் சொல்வார்கள். சொல்கிறவர் குரலிலேயே அவர் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

சரி, எதை வாங்குவது? ஒன்றுக்கும் சந்தா கட்டாதீர்கள். ஒரே செய்தியைத் தோங்ஆவிலும் ஹான்கியோரேயிலும் இணையத்தில் எடுத்து, தலைப்பை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். நான் மொழி பழகியது அப்படித்தான். வேலையிடத்தில் யாராவது கேட்டால் "இரண்டும் பார்க்கிறேன்" என்று சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள். அந்த மூத்தவரிடம் மட்டும், ஒருநாள் தனியாகக் காபி குடிக்கும்போது, "வெள்ளைப் பக்கம் வந்த காலத்தில் உங்கள் வீட்டில் என்ன பேப்பர் வாங்கினார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள்.

சியோலின் குவாங்ஹ்வாமுன் சந்திப்பில் தோங்ஆவின் பழைய கட்டடம் இன்னும் நிற்கிறது, 1926இல் கட்டியது. இப்போது இல்மின் கலைக்கூடம். மேல்மாடியில் செய்தித்தாள் அருங்காட்சியகமும் இருக்கிறது. வரும் சனிக்கிழமை லீவு என்றால் சொல்லுங்கள், நானும் வருகிறேன்.