நாற்காலி வாங்கும் முன் முழங்காலை அளந்து பாருங்கள்

கேள்வி: கும்பகோணத்தில் பூர்வீக வீட்டில் தனியே வசிக்கும் என் தாயாருக்கு வயது 76. மூட்டுவலியால் நாற்காலியிலிருந்தும் கழிப்பறையிலும் எழுந்திருக்கச் சிரமப்படுகிறார். மோட்டாரில் இயங்கும் சாய்விருக்கை, உயரமான வெஸ்டர்ன் டாய்லெட், குளியலறைக் கைப்பிடிக் கம்பிகள் அனைத்தையும் சேர்த்து 1,85,000 ரூபாய்க்கு அமைத்துத் தருவதாக ஒரு முகவர் கூறுகிறார். வாங்கலாமா?

பதில்: இப்போது வாங்க வேண்டாம். உங்கள் தாயாரை ஒருமுறை உட்கார்ந்து எழச் சொல்லிப் பார்க்காமலேயே அவருக்கு ஏற்ற இருக்கையின் உயரத்தை யாராலும் சொல்ல முடியாது. முதலில் அவரைக் கெட்டியான பலகை முக்காலியில், பாதம் முழுவதும் தரையில் பதியும்படி உட்கார வைத்து, தரையிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை டேப்பால் அளந்துகொள்ளுங்கள். நம் பெண்கள் பலருக்கு அது 15 அல்லது 16 அங்குலம் இருக்கும். மூட்டுவலி உள்ளவருக்கு அதைவிட ஓரிரு அங்குலம் உயரமான இருக்கை எழுவதற்குத் துணை செய்யும். சோபாவை மட்டும் நம்பாதீர்கள். கடையில் 17 அங்குலம் என்று காட்டப்படும் மெத்தை, உட்கார்ந்ததும் அமுங்கிப் பள்ளமாகிவிடும்.

எழும்போது பாதங்களைப் பின்னுக்கு இழுத்து, கைகளை ஊன்றி, உடலை முன்னால் சாய்க்கிறோம். ஆகவே நாற்காலியின் முன்கால்களுக்கு இடையே குறுக்குச் சட்டம் இருக்கக் கூடாது. கைப்பிடி இருக்கையின் முன் விளிம்பு வரை நீண்டிருக்க வேண்டும். உங்கள் பூர்வீக வீட்டில் இப்படியொரு பழைய மரநாற்காலி இருக்கக்கூடும். அது தாழ்வாக இருந்தால், கால்கள் நழுவாமல் உட்காரும்படி குழி கடைந்த நான்கு கட்டைகளைத் தச்சரிடம் செய்து வாங்கி அடியில் வையுங்கள். மோட்டார் இருக்கையோ, இன்னும் தன் கால் பலத்தில் எழக்கூடிய ஒருவரின் தொடைத் தசைக்கு வேலையே இல்லாமல் செய்துவிடும்.

டாய்லெட்டுக்கும் முழங்கால் அளவே கணக்கு. ‘முதியோருக்கு உகந்தது’ என்று 19 அங்குலப் பீங்கானைத் தலையில் கட்டிவிடுவார்கள். குள்ளமானவருக்கு அதில் கால் தரையில் பதியாமல் தொங்கும்.

கம்பி விஷயத்தில்தான் எனக்குப் பெரும் கவலை. ரப்பர் கிண்ணத்தை அழுத்திச் சுவரில் ஒட்டும் கம்பியை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். ஈரத்திலும் டைல்ஸ் இணைப்பிலும் பிடி தளர்ந்து, உடல் எடை முழுவதும் விழும் அந்த ஒரு நொடியில் கையோடு வந்துவிடும். துண்டு போடும் கம்பியும் உடலைத் தாங்காது. நான் பார்க்கப்போன ஒரு வீட்டில் அந்தக் கம்பியின் நடுப்பகுதி மட்டும் பளபளப்பு தேய்ந்து, ஓரத் திருகு அரை அங்குலம் வெளியே வந்து, கீழே டைல்ஸ் தூள் உதிர்ந்திருந்தது. அந்தப் பெரியவர் மாதக்கணக்கில் அதைப் பிடித்துத்தான் எழுந்திருக்கிறார். உங்கள் வீட்டிலும் சுவரில் எண்ணெய்ப் பிசுக்கோடு கைத்தடம் படிந்த இடத்தைத் தேடுங்கள். கம்பி அங்கே வர வேண்டும்.

பழைய சுண்ணாம்புக் காரைச் சுவரில், துளைக்குள் விரிந்து பிடிக்கும் சாதாரண ஆங்கர் போல்ட், காரை பொடிந்து கழன்றுவிடலாம் என்பதால், சுவரை முழுதாகத் துளைத்து, மறுபுறம் இரும்புத் தகடு கொடுத்து முடுக்கச் சொல்லுங்கள். கம்பியின் கனம் ஒன்றேகால் முதல் ஒன்றரை அங்குலமும், சுவரிலிருந்து இடைவெளி ஒன்றரை அங்குலமும் இருக்கட்டும். வழவழப்பான எவர்சில்வர் கம்பி சோப்புக் கையில் வழுக்கும், சொரசொரப்பானதைக் கேளுங்கள்.

பக்கவாதம் வந்தவர்களுக்கு மட்டும் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அவர்களுக்குக் கம்பி பலமுள்ள கையின் பக்கம் வர வேண்டும். ஆனால் பொருத்துபவர் டாய்லெட்டைப் பார்த்து நின்று ‘வலப்பக்கம்’ என்று குறித்துக்கொள்வார். உட்காருபவருக்கு அதுவே இடப்பக்கம். செயலற்ற கையின் பக்கம் கம்பி மாட்டப்பட்ட வீடுகளை நான் ஒன்றுக்கு மேல் பார்த்திருக்கிறேன். ஆகவே துளை போடும் முன் பயன்படுத்தப் போகிறவரையே அங்கே உட்கார வைத்து, அவர் கை நீட்டும் இடத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள்.

இதையெல்லாம் வீட்டுக்கு வந்து பார்த்துச் சொல்ல அரசு ஏற்பாடு ஏதும் இருக்கிறதா என்று பலர் கேட்கிறார்கள். முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் எளிதில் புழங்கும்படி கட்டடங்களை அமைப்பது பற்றி மத்திய அரசு 2021-இல் வெளியிட்ட அணுகல் வழிகாட்டு நெறிகள் முதன்மையாகப் பொதுக் கட்டடங்களை மனத்தில் கொண்டவை. 2017-இல் தொடங்கிய வயோஸ்ரீ திட்டம் வருமானம் குறைந்த முதியோருக்கு ஊன்றுகோல், சக்கர நாற்காலி போன்றவற்றை வழங்குகிறது. குளியலறைச் சுவரில் ஒரு கம்பி பொருத்தித் தர அதில் வழியில்லை. விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அறுவை சிகிச்சைக்குக் காப்பீடு கொடுக்கும் அரசு, விழாமல் தடுக்கும் சிறு செலவை ஏன் ஏற்கக் கூடாது என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. இந்த வெற்றிடத்தில்தான் தொகுப்பு விற்பவர்கள் நுழைகிறார்கள்.

குளியலறைக் கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றி, வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய தாழ்ப்பாள் போடுங்கள். உள்ளே விழுந்தவர் கதவை அடைத்துக் கிடந்தால், உள்பக்கம் திறக்கும் கதவைத் தள்ள முடியாது. கம்பி பொருத்தி முடிந்ததும், கொத்தனாருக்கு மீதிப் பணம் கொடுக்கும் முன், உங்கள் முழு எடையையும் கொடுத்து அதைப் பிடித்து இழுத்துப் பாருங்கள்.