மனம் அடங்கவில்லை என்பவர்களுக்கு: தியானம் குறித்த கேள்வி பதில்

குமரி மாவட்டத்தில் முப்பது ஆண்டுகளாகத் தியானம் கற்பித்து வருபவன் என்ற முறையில், எனக்கு வந்த கேள்விகளுக்கு இங்கே விடையளிக்கிறேன்.

கண்ணை மூடியதும் எண்ணங்கள் முன்னிலும் அதிகமாகப் பெருகுகின்றன. என்ன தவறு செய்கிறேன்? (மார்த்தாண்டம்)

தவறு எதுவும் இல்லை. எப்போதும் ஓடிக்கொண்டிருந்த எண்ணங்களை இப்போதுதான் கவனிக்கிறீர்கள். அவற்றைத் துரத்த முயன்றால் வலுப்பெறும். 1987இல் உளவியலாளர் டேனியல் வெக்னரும் உடன் ஆய்வாளர்களும் ஒரு சோதனை நடத்தினார்கள். வெள்ளைக் கரடியை நினைக்கக் கூடாது, நினைவு வரும்போதெல்லாம் மணியை அடிக்க வேண்டும் என்று சிலரிடம் சொன்னபோது, அவர்களால் அந்த நினைவைத் தடுக்க முடியவில்லை. பின்னர் நினைக்கலாம் என்று அனுமதித்ததும், தொடக்கத்திலிருந்தே நினைக்க அனுமதி பெற்றிருந்தவர்களைவிட இவர்களே அதிகமாக நினைத்தார்கள். ஆகவே எண்ணத்தோடு மல்லுக்கட்டாதீர்கள். மூச்சு வெளியேறும்போது ஒன்று, இரண்டு எனப் பத்து வரை எண்ணுங்கள். இடையில் மனம் மகளின் திருமணச் செலவுக்குப் போய்விட்டால், போனதை அறிந்த அந்தக் கணத்தில் சலிப்பின்றி மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்குங்கள். அவ்வாறு திரும்பி வருவதுதான் பயிற்சி. அரை மணி நேரத்தில் நூறு முறை திரும்பியவர் நூறு முறை பயின்றிருக்கிறார்.

நான் ரப்பர் பால் வெட்டுபவன். விடியும் முன்பே வேலைக்குப் போக வேண்டும். பிரம்ம முகூர்த்தத்தில் உட்கார முடியாதது குறையா, ஐயா? (குலசேகரம்)

குறையே இல்லை. வெட்டி முடித்தபின், பால் சிரட்டையில் வடியும் வரை காத்திருக்கும் நேரத்தில் மரத்தடியில் கால் மணி நேரம் அமருங்கள். நாள்தோறும் அமர்வதுதான் முக்கியம்.

மூச்சை அடக்கினால் மனம் விரைவில் அடங்கும் என்கிறார்களே? (செங்கோட்டை)

புத்தகத்தைப் பார்த்துக் கும்பகம் செய்யாதீர்கள். இரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் மூச்சை அடக்கவே கூடாது. இயல்பான மூச்சைக் கவனித்தாலே போதும்.

அருணகிரிநாதர் “சும்மா இரு” என்கிறார். எண்ணத்தை நிறுத்தச் சொல்வதுதானே அது? நீங்கள் எண்ணங்களை வரவிடச் சொல்கிறீர்கள். (பாறசாலை)

அதைத் தொடக்கப் பயிற்சியாகக் கொள்வதைத்தான் மறுக்கிறேன். மதயானையை வசப்படுத்தலாம், புலியின் வாயைக் கட்டலாம், சிங்கத்தின் முதுகில் ஏறலாம், ஆனால் சிந்தையை அடக்கிச் சும்மா இருக்கும் திறம் அரிது என்று பாடியவர் தாயுமானவர். அத்தனை அரியதை முதல் நாளிலேயே மனத்திடம் கேட்டு, கிடைக்காதபோது தன்னையே நொந்துகொண்டு பாயைச் சுருட்டி வைத்துவிட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சும்மா இருத்தல் பயிற்சியின் கனி. அதையே விதையாக எண்ணுவதால்தான் இந்த மனத்தளர்ச்சி வருகிறது.

பாறசாலை அன்பர் சொல்வதே சரி. யோக சூத்திரத்தில் பதஞ்சலியும் யோகத்தைச் சித்த விருத்திகளின் நிரோதம், அதாவது மன அலைகளின் அடக்கம், என்றுதானே வரையறுக்கிறார்? (பாலக்காடு)

வரையறை முதற்பாதத்தின் இரண்டாம் சூத்திரத்தில் இருக்கிறது. வழி பன்னிரண்டாவதில் இருக்கிறது: அப்பியாசம் என்னும் தொடர் பயிற்சி, வைராக்கியம் என்னும் பற்றின்மை. அப்பியாசம் நீண்ட காலம், இடைவிடாமல், மதிப்போடு செய்யப்பட்டால்தான் உறுதிப்படும் என்று பதினான்காவதும் சொல்கிறது. கீதையின் ஆறாம் அத்தியாயத்தில், மனத்தை அடக்குவது காற்றை அடக்குவதுபோல் கடினம் என்று அர்ச்சுனன் முறையிடும்போது, கண்ணன் அதை மறுக்காமல் இதே இரண்டு வழிகளையே காட்டுகிறார். வலிந்து அழுத்துமாறு இருவருமே இங்கு கூறவில்லை. இருவரும் கேட்பது பொறுமை. இதற்கு மேலும் கருத்து வேறுபாடு இருந்தால், ஒரு மாதம் பயின்ற பிறகு எழுதுங்கள், அனுபவத்திலிருந்து பேசலாம்.

எண்ணங்கள் நிற்கவே மாட்டேன் என்கின்றன. என்ன செய்வது? (தக்கலை)

முதல் பதிலை முழுவதும் படியுங்கள். இதே கேள்வியை இன்னும் ஐவர் அனுப்பியிருக்கிறார்கள். அவர்களுக்கும் அதுவே விடை.

புருவ மத்தியில் ஒளி தெரிந்தது. குண்டலினி எழுந்துவிட்டதா? (கம்பம்)

குண்டலினி என் துறை அன்று. உங்களுக்குத் தீட்சை அளித்த ஆசிரியரைக் கேளுங்கள். மூச்சை அடக்கியபோது தெரிந்தது என்றால், அதை இன்றே நிறுத்துங்கள்.

கணவர் தவறிய பின் தியானத்தில் உட்கார்ந்தால் அழுகைதான் வருகிறது. அமைதி வரவில்லை. (பூதப்பாண்டி)

அம்மா, அழுகை வந்தால் அழுங்கள். அதைத் தடுக்க வேண்டாம். இப்போதைக்குக் கண்ணை மூடாமல், விளக்கின் முன்போ முற்றத்திலோ ஐந்து நிமிடம் மட்டும் அமர்ந்து, கால்கள் தரையில் படுவதைக் கவனியுங்கள். மனம் தாங்காவிட்டால் உடனே எழுந்துவிடுங்கள். தூக்கமும் உணவும் வாரக்கணக்கில் குறைந்திருந்தால், தியானத்தை ஒத்திவைத்து, முதலில் மனநல மருத்துவரைப் பாருங்கள். போகும்போது வீட்டில் யாரையேனும் துணைக்கு அழைத்துச் செல்லுங்கள்.