பேனல் லே-அவுட்டில் காலி இடம்

ஐயா, வணக்கம்.

டிப்ளமோ முடித்துவிட்டு மின் கட்டுப்பாட்டுப் பேனல் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் டிசைன் பிரிவில் வேலை செய்கிறேன். ஆட்டோகேட் எலெக்ட்ரிக்கல் என்ற சாஃப்ட்வேரில் வரைகிறோம். பழைய ப்ராஜெக்ட் லே-அவுட்டைக் காப்பி எடுத்து, உறுப்புகளைக் குறிக்கும் கட்டங்களை நகர்த்தி, புதிய பேனலுக்கு மாற்றுவதுதான் வழக்கம். இந்த முறை 800 மி.மீ. அகலம், 1200 மி.மீ. உயரம், 300 மி.மீ. ஆழத்தில் சுவரில் மாட்டும் பெட்டி. உள்ளே மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் 15 கிலோவாட் டிரைவ், இயக்கத்தை நடத்தும் சிறு கணினியான பி.எல்.சி., மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் காண்டாக்டர்கள். ஸ்கிரீனில் எல்லாம் கச்சிதமாக அமர்ந்தது. ஆனால் ஒயர்மேன் அண்ணன் “இதில் ஒயர் போட முடியாது தம்பி” என்று டிராயிங்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஈப்ளான் சாஃப்ட்வேர், 3டி என்று கற்றுக்கொண்டால் இது தீருமா?

– கே.

அன்புள்ள கே,

முதலில் அந்த அண்ணனிடம் போய், எந்த ஒயர், எந்த இடத்தில் என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். லே-அவுட்டை நம்பி கையை உள்ளே விட்டு வேலை செய்யப்போகிறவர் அவர். அவர் சொல்வதைவிட நல்ல திருத்தம் எந்த சாஃப்ட்வேரும் தராது.

நீங்கள் அனுப்பிய படத்தில் எனக்கே ஓர் இடம் தெரிகிறது. மெயின் பிரேக்கரின் டெர்மினலுக்கும் (ஒயரை இணைக்கும் இடம்) மேலே உள்ள ஒயர் டக்ட்டுக்கும் (ஒயர்கள் ஓடும் கால்வாய்) நடுவில் 30 மி.மீ. விட்டிருக்கிறீர்கள். அங்கே வருவது 16 சதுர மி.மீ. ஒயர். இன்சுலேஷனோடு அதன் வெளிவிட்டம் சுமார் 8 மி.மீ. விட்டத்தின் நான்கு மடங்கு ஆரத்தில் வளைத்தாலே 32 ஆகிவிடுகிறது. அதற்கு முன்னால் ஒயர் முனையில் லக்கு (உலோக முனை) ஏறிய பகுதி வளையாமல் நேராக நிற்க வேண்டும். அப்புறம் ஸ்க்ரூ டிரைவர் நுழைய வேண்டும், ஒயரின் அடையாளமான ஃபெரூல் நம்பர் கண்ணில் பட வேண்டும். மூன்று ஒயர்கள் பக்கத்தில் பக்கத்தில் என்றால் கேட்கவே வேண்டாம். அந்த இடத்தில் நான் 100 மி.மீ.க்குக் குறைய மாட்டேன்.

இன்னொன்று, நீங்கள் தூரத்தை, உறுப்புகளை மாட்டும் உலோகப் பட்டையான ரெயிலிலிருந்து அளக்கிறீர்கள். ரெயிலின் அகலம் 35 மி.மீ.தான். அதில் உட்காரும் எம்.சி.பி.யின் (சிறு பிரேக்கர்) உயரம் 80, 85 வரும். ஆகவே ரெயில் விளிம்புக்கும் டக்ட்டுக்கும் 60 விட்டால், டெர்மினலுக்கும் டக்ட்டுக்கும் கிடைப்பது 35தான். எப்போதும் டெர்மினலிலிருந்து டக்ட் சுவர் வரை அளந்து பழகுங்கள். பெட்டியின் அகலம் 800 என்றால் உள்ளே உறுப்புகளை மாட்டும் பிளேட்டின் அகலம் 700 சொச்சம்தான் என்பதையும் பழைய காப்பியை நம்பாமல் கேட்லாக்கில் பார்த்துக்கொள்ளுங்கள்.

காப்பி எடுப்பதைப் பற்றிக் கொஞ்சம் கறாராகவே சொல்கிறேன், அதை விட்டுவிடுங்கள். காப்பியடித்த கட்டம் வெறும் கோடுதான். அதற்கு ஸ்கீமாட்டிக்கில் (மின்சுற்றுப் படம்) உள்ள காண்டாக்டரோடு எந்த உறவும் இல்லை. ஆட்டோகேட் எலெக்ட்ரிக்கலிலேயே ஸ்கீமாட்டிக் லிஸ்ட்டிலிருந்து ஃபுட்பிரிண்ட் (உறுப்பின் சரியான அளவுப் படம்) இறக்கும் வசதி இருக்கிறது. ஸ்கீமாட்டிக்கில் கேட்லாக் நம்பரைச் சரியாகக் கொடுத்தால், அதற்குரிய ஃபுட்பிரிண்ட் டேக்கோடு (அடையாளப் பெயர்) வந்து அமரும். எது இன்னும் வைக்கப்படவில்லை என்பதும் தெரியும். மோட்டார் ஒரு அளவு பெரிதாகி, 45 மி.மீ. காண்டாக்டர் 55 ஆனால், ஐந்து காண்டாக்டர் உள்ள வரிசையில் 50 மி.மீ. போய்விடுகிறது. வெறும் கோடு இதைச் சொல்லாது. ஒர்க்‌ஷாப்பில் பிளேட்டில் துளை போட்ட பிறகுதான் தெரியவரும்.

இனி, அண்ணன் சொல்லாத, ஆனால் எனக்கு அதிகக் கவலை தரும் விஷயம் சூடு. 15 கிலோவாட் டிரைவ் முழுச்சுமையில் ஏறக்குறைய 3 சதவீதத்தை வெப்பமாகக் கக்கும் என்று வையுங்கள், 450 வாட். காற்றோட்டம் இல்லாத உங்கள் பெட்டியில் சுவரை ஒட்டியிருப்பதைக் கணக்கில் கொண்டால் வெப்பத்தை வெளியே விடும் பரப்பு சுமார் 2.3 சதுர மீட்டர். பெயின்ட் அடித்த இரும்புத்தகடு சதுர மீட்டருக்கு, ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும், 5.5 வாட் கடத்தும் என்பது வழக்கமான கணக்கு. பெருக்கி வகுத்தால் உள்ளே 35 டிகிரி கூடும். வெளியே 35 என்றால் உள்ளே 70! பல டிரைவ்கள் 40 டிகிரி வரைதான் முழுச்சுமை தாங்கும். 50 வரை போனால் சுமையைக் குறைக்கச் சொல்வார்கள். எலெக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டரின் ஆயுளோ ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஏறக்குறைய பாதியாகும். ஆகவே இந்தப் பெட்டிக்கு ஃபேனும் ஃபில்டரும் வேண்டும், அல்லது பெரிய பெட்டி வேண்டும். லே-அவுட் வரையும் முன்பே போட வேண்டிய கணக்கு இது.

அதோடு உங்கள் படத்தில் டிரைவின் தலைக்கு மேலேயே டக்ட் ஓடுகிறது. டிரைவ் கீழே காற்றை இழுத்து மேலே சூடாக விடும். மேலும் கீழும் பொதுவாக 100 மி.மீ. கேட்பார்கள், மேனுவலில் சரியான எண் இருக்கும். அந்தச் சூட்டுக்கு நேர் மேலே பி.எல்.சி.யை வைத்திருப்பதையும் மாற்றுங்கள். டிரைவிலிருந்து மோட்டாருக்குப் போகும் கேபிளும் அனலாக் சிக்னல் ஒயரும் ஒரே டக்ட்டில் போவதையும் பிரித்துவிடுங்கள்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஈப்ளானில் ஒவ்வொரு பார்ட்டுக்கும் அகலம், உயரம், ஆழத்தோடு சுற்றிலும் விட வேண்டிய இடைவெளியையும் பதிந்து வைக்கலாம். ஆனால் பதிய வேண்டியவர் நீங்கள்தான். யாரும் மேனுவலைப் பார்த்து நிரப்பவில்லை என்றால் அங்கேயும் கட்டங்கள் ஒட்டிக்கொண்டு உட்காரும். 3டி உண்மையாகவே உதவுவது கதவுப் பக்கத்தில். டோரில் உள்ள எச்.எம்.ஐ. திரையும் புஷ் பட்டன்களும் உள்ளே நீட்டிக்கொண்டு, மூடும்போது டிரைவில் இடிக்குமா என்பது முன்பக்கப் படத்தில் தெரியாது. உங்கள் பெட்டியின் ஆழம் 300தான், டிரைவின் ஆழத்தைப் பார்த்துக் கழித்தாலே விடை கிடைத்துவிடும். இப்போதைக்கு ஒரு பக்கவாட்டு வெட்டுத்தோற்றம் போதும். 3டியை நிதானமாகக் கற்றுக்கொள்ளுங்கள்.

பிரேக்கருக்கு மேலே இடம் விட்டு, டிரைவின் மேல் உள்ள டக்ட்டை நகர்த்தி, ஸ்கீமாட்டிக் லிஸ்ட்டிலிருந்து புதிதாக இறக்கி வரைந்து பாருங்கள். 1200 உயரத்தில் அடங்கவில்லை என்றால், சுவர்ப் பெட்டியை விட்டுவிட்டுத் தரையில் நிற்கும் பெட்டி கேட்டு உங்கள் மேலாளரிடம் இந்த வெப்பக் கணக்கோடு போங்கள். என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.