மரம் நடும் முன் நிலத்தை முழுக்க உழுதால் மண்ணில் உள்ள கார்பன் போய்விடுமா?

கேட்டவர் காரைக்குடிப் பக்கம் தைலமரத் தோப்பை வெட்டிவிட்டு நாட்டு மரங்கள் வைக்கப் போகிறார். ஜேசிபி விட்டுத் தூரெல்லாம் பிடுங்கி, கழிவைக் கொளுத்தி, சட்டிக் கலப்பையால் (வட்டத் தட்டுகள் உள்ள டிராக்டர் கலப்பை) உழுது போடலாமா என்கிறார். தேவகோட்டைப் பக்கம் இதே வேலையைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: கார்பன் போகும். எவ்வளவு என்பது எவ்வளவு மண்ணைப் புரட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

மண்ணிலிருந்து கார்பன் டை ஆக்சைடு எப்போதும் வந்துகொண்டுதான் இருக்கிறது. ஒரு பங்கு உயிருள்ள வேர் விடுவது. இன்னொரு பங்கு, சருகையும் செத்த வேரையும் தின்னும் நுண்ணுயிர்கள் விடுவது. இரண்டும் சேர்ந்ததுதான் மண் சுவாசம். மரத்தை வெட்டித் தூரும் போனால் வேரின் பங்கு நின்றுவிடும். அதனால் கருவி வைத்து அளந்தால் மொத்தச் சுவாசம் குறைந்ததாகக்கூடக் காட்டலாம். உழுவதால் ஒன்றும் ஆகாது என்று சிலர் சொல்வது இதை வைத்துத்தான். செட்டிநாட்டில் ஐந்தொகை (இருப்புக் கணக்கு) போடத் தெரிந்தவர்களிடம் இது செல்லாது. செலவு குறைந்தாலும் வரவு அடியோடு நின்றுபோனால் முதல் கரையத்தானே செய்யும்? சருகும் வேரும்தான் இங்கே வரவு.

தோப்பில் சருகை விலக்கிப் பாருங்கள். இரண்டு விரற்கடை கனத்துக்குக் கருத்த மண் இருக்கும், அதற்குக் கீழே வெறும் செம்மண் சரளை. நம் ஊர் மண்ணின் சொத்தான கார்பன் செறிந்து கிடப்பது அந்தக் கருப்பில்தான். சின்னச் சின்ன மண்கட்டிகளுக்குள் நுண்ணுயிர்க்கு எட்டாமல் மட்கு ஒளிந்திருக்கிறது. கலப்பை அந்தக் கட்டிகளை உடைக்கிறது, வெயிலையும் காற்றையும் உள்ளே விடுகிறது. கொளுத்தினால் இன்னும் மோசம்; மெதுவாக மட்கவேண்டியது ஒரே நாளில் புகையாகிவிடும்.

உழவால் கார்பன் போவது பற்றிய குளிர்நாட்டு ஆய்வுகளில் முடிவுகள் பலவிதம். அங்கே ஈரம் உண்டு, சூடுதான் குறைவு. நமக்குச் சூட்டுக்குப் பஞ்சமில்லை, ஈரத்துக்குத்தான். காய்ந்த மண்ணில் மழை விழுந்ததும் நுண்ணுயிர்கள் விழித்துக்கொண்டு மளமளவென்று கார்பனைக் கக்கும். 1950களில் கென்யாவில் இதை ஆராய்ந்தவர் பெயரால் பிர்ச் விளைவு என்கிறார்கள். பங்குனியில் உழுதுபோட்டுக் கோடை மழைக்குக் காத்திருப்பது இதற்குத் தோதான ஏற்பாடு!

ஒரு கணக்கு. ஒரு ஏக்கரில் மேலாக இருக்கும் அரையடி மண் சுமார் 850 டன். அதில் கார்பன் 0.5 சதவீதம் (இதற்குக் கீழே போனால் மண் பரிசோதனையில் ‘குறைவு’ என்று வரும்) என்றால் நாலேகால் டன். அதில் பத்தில் ஒரு பங்கு போனாலே, ஆக்சிஜனோடு சேர்ந்து எடை கூடுவதால், ஒன்றரை டன் கார்பன் டை ஆக்சைடு.

அதனால் முழு உழவு வேண்டாம். பத்தடிக்குப் பத்தடி விட்டு ஒன்றரை அடிச் சதுரக் குழி எடுத்தால், நிலத்தில் நூற்றில் இரண்டு பங்குக்குச் சற்று மேல்தான் கிளறப்படும். குழியைப் புரட்டாசியில் எடுத்து ஐப்பசி மழையில் நடுங்கள். கொப்பையும் இலையையும் கொளுத்தாமல் குழிகளுக்கு நடுவே பரப்புங்கள். பிடுங்காமல் விட்ட தைலத் தூர் துளிர்க்கும்தான். துளிரை அவ்வப்போது ஒடித்துவிட ஆள் வேண்டும், அந்தச் செலவைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.