எழுத்தறிவு வகுப்புக்கு மக்களை எப்படி வரவைப்பது?

சுவரொட்டி ஒட்டியும் முதியோர் எழுத்தறிவு வகுப்புக்கு ஆள் வரவில்லை என்கிறீர்கள். படிக்கத் தெரியாதவரைச் சுவரொட்டி எப்படி அழைக்கும்?

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் நடந்த அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தைப் பாருங்கள். சேதி பாட்டாகவும் தெரு நாடகமாகவும் போனது. அப்புறம், அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்பதையும் இயக்கத்தோடு சேர்த்தார். குவாரித் தொழிலாளிகள், விவசாயக் கூலிகள் என ஆயிரக்கணக்கான பெண்கள் கற்றார்கள். தண்ணீர் எடுக்க, விளைந்ததை விற்க, யாரையும் எதிர்பார்க்காமல் போய்வந்தார்கள். கல்வியால் என்ன பயன் என்பதற்கு இதைவிட நல்ல விளம்பரம் எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று: வகுப்பு முடிந்தபின் வாசிக்க எதுவும் கிடைக்காவிட்டால் கற்ற எழுத்தும் மறந்துபோகும். பெரிய எழுத்தில் சிறு நூல்கள், ஊர் நூலகம், இவற்றுக்கும் திட்டத்திலேயே பணம் ஒதுக்கச் சொல்லுங்கள்.