அப்பா பைண்டிங் செய்து வைத்த அம்புலிமாமா

கேள்வி: எனக்கு வயது 46. என் அப்பா மாதாமாதம் அம்புலிமாமா என்ற சிறுவர் பத்திரிகையை வாங்கி, வருடக் கடைசியில் பைண்டிங் செய்து வைப்பார். அவர் போன பிறகு வீட்டைக் காலி செய்தபோது பரண் மேல் ஐந்து தொகுப்புகள் கிடைத்தன. விக்கிரமன் வேதாளம் கதைகள் என்றால் சின்ன வயதில் எனக்கு உயிர். ஒன்பது வயது மகளுக்குப் படித்துக் காட்டலாம் என்று ஆசையாக உட்கார்ந்து, முதலில் நானே ஒரு தொகுப்பை ஒரே வாரத்தில் படித்து முடித்தேன். ஏமாற்றம்தான் மிச்சம். எல்லாக் கதையும் ஒரே மாதிரி இருக்கிறது. பெண்ணைப் பரிசுப் பொருள் மாதிரி தூக்கிக் கொடுக்கிறார்கள். மற்ற நான்கையும் தொடவே பயமாக இருக்கிறது. அப்படியே கட்டி வைத்துவிடட்டுமா?
— வாசகி, திருநெல்வேலி

அன்புள்ள சகோதரிக்கு,

கட்டி வைக்க வேண்டாம். நான்கையும் படியுங்கள். ஆனால் வாரத்துக்கு ஒரு தொகுப்பு என்ற கணக்கை மட்டும் விட்டுவிடுங்கள்.

நாம் அந்தக் கதையை மாதத்துக்கு ஒன்றாகத்தான் படித்தோம். புத்தகம் வந்த அன்றே தீர்ந்துவிடும். அப்புறம் ஒரு மாதம் அதையே புரட்டிக்கொண்டிருப்போம். ராஜா மரத்தில் ஏறுவது, பிணத்தை இறக்கித் தோளில் போட்டுக்கொள்வது, வேதாளம் பேச ஆரம்பிப்பது எல்லாம் ஒவ்வொரு மாதமும் அச்சு மாறாமல் வரும். அதற்காகத்தானே காத்திருந்தோம்? அதையே ஒரு வாரத்தில் பன்னிரண்டு தடவை படித்தால் யாருக்கும் சலிக்கும்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தக் கதைகளில் சில சுமார்தான். பழைய வேதாளக் கதைகள் மொத்தமே 25. காஷ்மீரத்து சோமதேவர் 11ஆம் நூற்றாண்டில் எழுதிய கதாசரித்சாகரம் என்ற வடமொழிக் கதைத் தொகுப்பில் அவை இருக்கின்றன. அதில் ராஜாவின் பெயர் திரிவிக்கிரமசேனன். 1947 ஜூலையில் நாகி ரெட்டியும் சக்ரபாணியும் தொடங்கிய பத்திரிகை, அந்த 25க்குப் பிறகும் பல வருடங்கள் அதே சட்டத்துக்குள் புதுப்புதுக் கதைகளைப் பொருத்திக்கொண்டே இருந்தது. எல்லாமே மணியாக அமையுமா? இரண்டு பக்கத்தில் பிடிக்கவில்லையென்றால் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். சின்ன வயதில் நாம் அப்படித்தான் செய்தோம், யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

மாதாமாதம் படித்ததில் நமக்குத் தவறிப்போனது ஒன்று உண்டு. கதையின் தொடக்கமும் முடிவும்! ராஜா எதற்காக அந்த மரத்துக்குப் போனார்? தினமும் ஒரு சந்நியாசி சபைக்கு வந்து ராஜா கையில் ஒரு பழம் கொடுப்பான். ராஜா அதை வாங்கிப் பொக்கிஷக்காரனிடம் கொடுத்துவிடுவார், அவன் ஜன்னல் வழியாக உள்ளே போட்டுவிடுவான். இப்படியே காலம் போகும். ஒருநாள் வளர்ப்புக் குரங்கு ஒன்று அந்தப் பழத்தைக் கடிக்க, உள்ளேயிருந்து ஒரு ரத்தினம் விழும். ஓடிப்போய்க் கதவைத் திறந்து பார்த்தால், பழமெல்லாம் அழுகிக் காய்ந்துபோய், ரத்தினங்கள் மட்டும் குவிந்து கிடக்கும். அதற்குக் கைம்மாறாகத்தான் மரத்தில் தொங்கும் பிணத்தைக் கொண்டுவரச் சொல்வான் சந்நியாசி. முதல் ராத்திரி மகளுக்கு இதைச் சொல்லுங்கள்.

முடிவு இதைவிட அழகு. கடைசியாக வேதாளம் ஓர் உறவுமுறைச் சிக்கலைச் சொல்லும். அப்பன் ஒரு பெண்ணைக் கட்டிக்கொள்கிறான், மகன் அவளுடைய அம்மாவைக் கட்டிக்கொள்கிறான். இரண்டு ஜோடிக்கும் பிறக்கும் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் என்ன முறை? ராஜாவுக்குத் தெரியவில்லை. பேசாமல் நடக்கிறார். அதுவரை ஒவ்வொரு தடவையும் சரியாகப் பதில் சொல்லிச் சொல்லித்தான் வேதாளத்தை முருங்கை மரத்துக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறார். இந்தத் தடவைதான் வேதாளம் மனமிரங்கி, சந்நியாசி அவரையே பலி கொடுக்கக் காத்திருக்கிறான் என்று சொல்லி உயிரைக் காப்பாற்றும். பத்து வயதில் இது எனக்கு உறைத்திருக்காது. நாற்பதைத் தாண்டிப் படித்தபோது புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

பெண்ணைப் பரிசாகக் கொடுக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கோபம் நியாயமானது, அதை விழுங்கிக்கொண்டு படிக்காதீர்கள். மந்தாரவதி கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று பேர் அவளை விரும்புகிறார்கள். அவள் இறந்துவிட, ஒருவன் அவள் சாம்பலின் மேலேயே படுத்துக் கிடக்கிறான், ஒருவன் எலும்பைக் கங்கைக்குக் கொண்டுபோகிறான், ஒருவன் எங்கேயோ மந்திரம் கற்றுவந்து அவளை எழுப்புகிறான். அவள் யாருக்கு மனைவி? எழுப்பியவன் அப்பன் ஸ்தானம், எலும்பு கொண்டுபோனவன் மகன் ஸ்தானம், சாம்பலில் கிடந்தவன்தான் கணவன் என்று ராஜா தீர்ப்புச் சொல்வார். இதை ஒரு வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்டுக்கொண்டிருந்த சிறுமி, “அந்த அக்காகிட்ட யாருமே கேக்கலையா?” என்றாள். எனக்குப் பதில் வரவில்லை.

பெரிய எழுத்தாளர்களும் இந்த இடத்தில்தான் கதைக்குள் புகுந்திருக்கிறார்கள். தலை மாறிய இரண்டு ஆண்களின் கதை நினைவிருக்கும். கணவன் தலை இன்னொருவன் உடம்பிலும், அவன் தலை கணவன் உடம்பிலும் ஒட்டிக்கொள்ளும். கணவனின் தலை யார் உடம்பில் இருக்கிறதோ அவனே கணவன் என்று ராஜா ஒரே வரியில் முடித்துவிடுவார். 1940இல் தாமஸ் மன் அதை ஜெர்மன் மொழியில் குறுநாவலாக எழுதினார். அதன் வழியாக கன்னட நாடக ஆசிரியர் கிரீஷ் கர்னாட் ‘ஹயவதனா’ நாடகத்தை எழுதினார். அதில் அந்தப் பெண்ணுக்கு ஒருவனின் அறிவும் வேண்டும், மற்றவனின் உடம்பும் வேண்டும். ராஜா கேட்காததை அவர்கள் கேட்டார்கள்.

அதனால் மகளுக்குப் படிக்கும்போது வேதாளம் கேள்வி கேட்கும் இடத்தில் புத்தகத்தை மூடிவிடுங்கள். அவள் ஒரு தீர்ப்பு சொல்லட்டும். விக்கிரமன் சொன்னதை மறுநாள் ராத்திரி படித்தால் போதும். சண்டை வந்தால் ரொம்ப நல்லது.

படங்களையும் அவசரமாகத் தாண்டாதீர்கள். உருவிய வாளும் தோளில் பிணமுமாக விக்கிரமன் நடந்துவரும் அந்தப் படத்தை வரைந்தவர் சங்கர் என்ற கே.சி. சிவசங்கரன். 2020இல் மறைந்தார், அடுத்த வருடம் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். நம் மனதில் இருக்கும் விக்கிரமனுக்கு முகம் கொடுத்ததே அவர்தான். எனக்கு அம்புலிமாமா தொடர்கதை ஒன்றில் ராட்சதக் குகைக்குள் நுழையும் காட்சி முப்பது வருடமாக மறக்கவில்லை. ஈரச் சுவர், வௌவால் வாடை, தூரத்தில் ஒரு தீப்பந்தம். தேடிப்பிடித்துப் படித்தேன். எழுத்தில் இருந்தது மூன்றே வரி, பக்கத்தில் கால் பக்கப் படம். வௌவால் வாடையும் தீப்பந்தமும் நானாகச் சேர்த்துக்கொண்டவை. முதலில் நானும் உங்களைப் போலத்தான் வருத்தப்பட்டேன். பிறகு அந்த மூன்று வரிகள் மேல் பிரியம் கூடிவிட்டது. அவ்வளவு இடம் எனக்கு விட்டுவைத்திருக்கின்றனவே!

கடைசியாக ஒரு விஷயம். பழைய பைண்டிங்கில் தைத்த ஓரத்தில் சில எழுத்துகள் உள்ளே போயிருக்கும். அதைப் படிப்பதற்காகப் புத்தகத்தை விரித்து அமுக்காதீர்கள், தாள் ஒடிந்துவிடும். அந்த இரண்டு வார்த்தையை நீங்களே போட்டுப் படித்துவிடுங்கள்.