டென்ட் கயிறு நைந்துவிட்டது: எதை வாங்குவது, எப்படி மாற்றுவது?

கோவை வாசகர் ஒருவரின் கேள்வி: "ஆறு வருடங்களுக்கு முன் வாங்கிய, இரண்டு பேர் படுக்கும் எடை குறைந்த டென்ட் வைத்திருக்கிறேன். துணியும் கம்பிகளும் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் இழுத்துக் கட்டும் கயிறுகள் பிசிறு தட்டிவிட்டன. மாலையில் விண்ணென்று கட்டினாலும் நள்ளிரவுக்குள் தொய்ந்துவிடுகின்றன. செப்டம்பரில் இமாச்சலப் பிரதேசத்தின் ஹம்ப்டா கணவாய்க்குப் போகிறேன். பாராகார்டு என்ற பாராசூட் கயிறு வாங்கிக் கட்டு, ஆளையே தொங்கவிடலாம் என்கிறார் நண்பர். செய்யலாமா?"

வேண்டாம். பலத்தைப் பற்றி நண்பர் சொல்வது உண்மைதான். 550 என்ற பெயரில் விற்கும் பாராகார்டு ஏறக்குறைய 250 கிலோ இழுவிசையைத் தாங்கும். ஆனால் உங்கள் டென்ட்டுக்கு அவ்வளவு பலம் தேவையே இல்லை. கயிறு அறுந்து டென்ட் சாய்ந்து நான் பார்த்தது அபூர்வம். கயிறு நழுவிச் சாய்ந்ததைப் பல முறை பார்த்திருக்கிறேன். ஆகவே எவ்வளவு தாங்கும் என்று கேட்பதற்கு முன்னால், உங்கள் டென்ட்டில் இருக்கும் பூட்டு எந்தக் கயிற்றைப் பிடிக்கும் என்று கேளுங்கள்.

பூட்டு என்று நான் சொல்வது, கயிற்றை இறுக்கவும் தளர்த்தவும் உதவும் அந்தச் சின்ன பிளாஸ்டிக் துண்டு. லைன்லாக் என்பார்கள். ஒவ்வொரு பூட்டும் ஒரு குறிப்பிட்ட தடிமனுக்காகச் செய்யப்பட்டது. எடை குறைந்த டென்ட்களில் பெரும்பாலும் 2 முதல் 3 மிமீ கயிறுதான் இருக்கும். பாராகார்டு 4 மிமீ. பூட்டுக்குள் நுழையவே அடம்பிடிக்கும். வம்பாக நுழைத்தாலும் சரியாக மடங்காது, பிடியும் கிடைக்காது. போதாததற்கு அது நைலான். நனைந்தால் நீரைக் குடித்து நீளும். மீட்டருக்கு ஆறேழு கிராம் எடை வேறு. 2 மிமீ கயிறு அதில் பாதிகூட இருக்காது.

புதுக் கயிறு வாங்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். டென்ட்டைக் கட்டி, பூட்டை ஒட்டிக் கயிற்றில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். மேலே நன்றாகத் தண்ணீர் தெளித்து இரவு முழுக்க விட்டுவிடுங்கள். மொட்டை மாடியில் முளை அடிக்க முடியாதே என்றால், 20 லிட்டர் தண்ணீர் கேன்களில் கட்டலாம். காலையில் கோடு நகர்ந்திருந்தால் கயிறு நழுவுகிறது, மாற்ற வேண்டியதுதான். கோடு அங்கேயே இருந்து டென்ட் மட்டும் தொய்ந்திருந்தால், கயிறோ துணியோ ஈரத்தில் நீண்டிருக்கிறது. சிலிகான் பூசிய நைலான் துணி குளிரிலும் பனியிலும் தளர்வது இயல்பு. அதற்குப் புதுக் கயிறு மருந்தாகாது. படுக்கப்போகும் முன் எழுந்து எல்லாக் கயிறுகளையும் இன்னொரு முறை இறுக்க வேண்டும். இது தெரியாமல் மூன்று வகைக் கயிறு வாங்கி அலுத்துப்போன நண்பர்கள் எனக்கு உண்டு.

சரி, எதை வாங்குவது? பாலியஸ்டர் உறை போட்ட 2 மிமீ பின்னல் கயிறு என்பது என் பரிந்துரை. பாலியஸ்டர் தண்ணீரை அவ்வளவாகக் குடிக்காது, வெயிலையும் நைலானைவிட நன்றாகத் தாங்கும். வெயிலைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். உயரம் ஆயிரம் மீட்டர் கூடக்கூடப் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடுகிறது. நீங்கள் கடக்கப்போகும் கணவாய் ஏறத்தாழ 4,270 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வெளிச்சம் பட்டால் மின்னும் இழை பின்னிய கயிறாகக் கேளுங்கள். இரவில் வெளியே போகிறவர் கால் தடுக்கி விழுந்தால் அவருக்கும் அடி, உங்கள் துணியின் தையலுக்கும் அடி.

டைனீமா என்ற செயற்கை இழைக் கயிறு பற்றியும் கேட்பீர்கள். மிக லேசானது, நீளவே நீளாது, எடைக்கு எடை பார்த்தால் எஃகைவிடப் பல மடங்கு பலமானது. ஆனால் மெழுகு தடவியது போல வழுக்கும். வெறும் டைனீமா கயிறு ஒரு மில்லிமீட்டர் சொச்சம் தடிமனில் பூட்டில் நிற்காது, சாதாரண முடிச்சிலும் நிற்காது. உள்ளே டைனீமா, வெளியே பாலியஸ்டர் உறை என்று வரும் கயிறு நல்லது. விலை கட்டுப்படியானால் வாங்குங்கள். மீன்வலைக் கடையில் கிடைக்கும் நீலநிற பிளாஸ்டிக் கயிறு மலிவுதான், ஆனால் விறைப்பாக இருப்பதால் முடிச்சு தானாகவே நெகிழ்ந்துவிடும்.

நீளத்தைப் பழைய கயிற்றை அளந்தே முடிவு செய்யலாம். ஆனாலும் கணக்கைத் தெரிந்துகொள்வது நல்லது. கயிறு தரையை 45 பாகையில் தொட வேண்டும். டென்ட்டில் கயிறு கட்டும் காது ஒரு மீட்டர் உயரத்தில் இருந்தால், அங்கிருந்து முளைவரை 1.4 மீட்டர். பூட்டில் மடங்கி வருவதற்கும் முடிச்சுக்கும் சேர்த்து 2 மீட்டராக வெட்டுங்கள். குட்டையாக வெட்டிவிட்டு, செங்குத்தாகக் கட்டினால் காற்றில் முளை பிடுங்கிக்கொள்ளும்.

மாற்றும்போது எல்லாக் கயிறுகளையும் ஒரே நேரத்தில் அவிழ்த்துவிடாதீர்கள். ஒரு கயிற்றை அப்படியே மாதிரிக்கு விட்டுவைத்து, அதைப் பார்த்து மற்றவற்றைக் கோத்துக்கொள்ளுங்கள். பூட்டில் கயிறு எந்தப் பக்கம் நுழைந்து எந்தப் பக்கம் வருகிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. ஒருமுறை நானே ஒன்றைத் தலைகீழாகக் கோத்து, காற்றடித்த இரவில் அந்த மூலையைக் கையில் பிடித்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். கட்டி முடித்ததும் கயிற்றை நனைத்து, முளையில் மாட்டி, உடல் எடையைச் சற்றுச் சாய்த்து இழுத்துப் பாருங்கள்.

வெட்டிய முனைகளை லைட்டரில் உருக்க வேண்டும், டென்ட்டிலிருந்து தள்ளி உட்கார்ந்து. உருகிய முனையை விரலால் உருட்டாதீர்கள். தோலில் ஒட்டிக்கொண்டு பொசுக்கிவிடும். டைனீமா உள்ளே இருக்கும் கயிறு என்றால் உறையை முன்னால் நீவி, உள்நூல் அரை அங்குலம் உள்வாங்கிய பிறகு உறையை மட்டும் உருக்குங்கள்.

டென்ட்டின் காதில் கட்ட, 8 வடிவ முடிச்சில் ஒரு சின்ன வளையம் போடுங்கள். வளையத்தைக் காதுக்குள் விட்டு, கயிற்றின் மறுமுனையை வளையத்துக்குள் நுழைத்து இழுத்தால் போதும். கத்தியே இல்லாமல் கழற்றலாம். பூட்டு உடைந்துபோனால், முளையைச் சுற்றி வந்த நுனியை, நீண்டு நிற்கும் கயிற்றின் மேல் முளைப் பக்கமாக இரண்டு சுற்று, அதற்கு மேலே டென்ட் பக்கமாக ஒரு சுற்று சுற்றி இறுக்குங்கள். இந்த முடிச்சை மேலும் கீழும் தள்ளலாம், இழுத்தால் நிற்கும். சாரணர் இயக்கத்தில் இருந்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். வழுக்கும் கயிற்றில் இரண்டுக்கு மூன்று சுற்று.

காதையும் ஒருமுறை பாருங்கள். அதன் அடித்தையல் பிரிந்திருந்தால் புதுக் கயிறு கட்டி என்ன பயன்? தைத்த பின் ஊசித் துளைகளை அடைக்க வேண்டும். சிலிகான் பூசிய துணியில் சிலிகான் பசை மட்டுமே ஒட்டும்; மற்றது உரிந்து வந்துவிடும். மேல்துணியின் உட்புறத்தில், காதுக்கு நேர் பின்னால், சின்ன வெல்க்ரோ பட்டைகள் இருக்கிறதா என்றும் தேடுங்கள். அவற்றைக் கம்பியில் சுற்றி ஒட்டினால்தான் கயிற்றின் இழுப்பு கம்பிக்குப் போகும். இல்லையென்றால் காற்றின் பாரம் முழுவதும் துணியின் மேல்தான். டென்ட் வாங்கிப் பல வருடமானவர்களில்கூட இதைக் கவனிக்காதவர்கள் நிறைய.

கணவாய்க்கு அப்பால் கல் தரை. முளை இறங்காத இடங்களில், கயிற்று நுனி வளையத்தில் ஒரு குச்சியையோ உருண்டைக் கல்லையோ மாட்டி, அதற்கு முன்னால் பெரிய கல்லைக் கயிற்றின் மேல் வையுங்கள். கூர்முனையுள்ள கல்லைச் சுற்றி நேரடியாகக் கட்டினால் ஒரே இரவில் உறை அறுந்துவிடும். உங்கள் பழைய கயிறுகளின் பிசிறு முளைப் பக்கத்து நுனியில்தான் இருக்கிறது என்றால், காரணம் அநேகமாக இதுதான். இப்படிக் கட்டும்போது கல் எப்போதும் கொஞ்சம் எட்டித்தான் இருக்கும். அதனால் வெட்டியது போக மூன்று மீட்டர் கயிறாவது மிஞ்சும்படி வாங்கி, சுருட்டி முளைப் பையிலேயே போட்டுக்கொள்ளுங்கள்.